காலி நாற்காலிகளுக்கு ஒரு வணக்கம்

பாட்டு முடிந்ததும் அந்தப் பாடகன் நெஞ்சில் ஒரு கையை வைத்துக் குனிந்து வணங்குகிறான். தோள்வரை வளர்ந்த முடி முன்னால் வந்து விழுகிறது. கண்ணோரம் தீட்டிய மை வியர்வையில் கரைந்து கன்னத்துக்கு இறங்கியிருக்கிறது. அவன் போட்டிருக்கும் வெள்ளை சாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் ஒரு வாலிபன் நடந்திருந்தால் நாய்கூடக் குரைத்திருக்கும். கேமரா அவனோடு சேர்ந்து தாழ்கிறது. பிறகு பிடித்திருந்தவருக்குக் கை வலித்ததோ என்னவோ, ஒரு பக்கமாக நழுவிவிடுகிறது. அப்போது ஒரு நொடி எதிர்ப்பக்கம் தெரிகிறது. வரிசை வரிசையாக மடக்கு நாற்காலிகள். ஒன்றிலும் ஆள் இல்லை. கடைசியில் ஒருவர் மட்டும் துடைப்பத்தோடு நிற்கிறார், அவரும் மேடையைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் பாய் எப்போதும் போன் திரையில் விரலை வைத்துப் படத்தை நிறுத்துவார். "ஒருத்தனும் இல்லண்ணே. ஆனா குனிஞ்சான் பாருங்க" என்பார். எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை பார்ப்பவரின் முகம்தான் அவருக்கு இருக்கும்.

அந்த பிரிட்டிஷ் இசைக்குழுவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் அவர்களுடைய பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், பாயை விட்டுவிடுவீர்கள். அவருக்கு ஏற்கெனவே அப்படி நிறைய நடந்திருக்கிறது.

அவர் உத்தமபாளையத்துக்காரர். மன்ஹாட்டனில் ஒரு வங்கிக்கு ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் குழுவில் தமிழர்கள் அனைவருக்கும் அவர் பாய்தான். அவர் உண்மைப் பெயரை மேனேஜர் மட்டுமே சொல்வார், அதையும் தப்பாகச் சொல்வார். நல்ல உயரம். சட்டையில் ஒரு மடிப்புக்கூட இருக்காது. நாற்பது நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. தங்கைகள் ஒவ்வொருவரையாகக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தன் வயது தன்னைத் தாண்டிப் போயிருந்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். நான் ஆற்றுக்கு அக்கரையில், தொலைவிலிருக்கும் பிரிட்ஜ்வாட்டரிலிருந்து வருகிறவன். நியூவார்க்கில் ரயில் மாறி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துவிடுவேன். அவர் வழியில் ஜர்னல் ஸ்கொயர் நிலையத்தில் ஏறுவார். பையை எடுத்து என் மடியில் வைப்பார், உட்காருவார், இயர்போனில் ஒன்றை என்னிடம் நீட்டுவார். ஆற்றுக்கு அடியில் ரயில் போகும் நேரம் முழுவதும் ஒரே பாட்டில் ஆளுக்கொரு காதாக உட்கார்ந்திருப்போம். நான் சினிமாப் பாட்டைத் தாண்டாத ஆள். முதல் வாரம் "என்ன பாய், கழுத்தைப் பிடிச்சு நெரிக்கிற மாதிரி இருக்கு" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "இருங்கண்ணே, பழகும்" என்றார். பழகத்தான் செய்தது.

பொறியியல் கல்லூரி விடுதியில் யாரோ விட்டுப்போன ஒரு கேசட்டில்தான் அந்தக் குழு அவருக்கு அறிமுகமாகியிருக்கிறது. அதற்கு அட்டையும் இல்லை, படமும் இல்லை. வருஷக்கணக்கில் அவர்களை அவர் குரலாக மட்டுமே வைத்திருந்தார். அமெரிக்கா வந்து, அறையில் தனியாக உட்கார்ந்து இணையத்தைத் துழாவியபோதுதான் முகங்களைப் பார்த்தார். தாடி வைத்த முரட்டு ஆட்களாக நினைத்திருந்தாராம். பார்த்தால் பளபளப்பான உடையும், குதிகால் உயர்ந்த செருப்பும், முகப்பூச்சும். "பேஜாராப் போச்சுண்ணே. ஆனா அப்புறம் யோசிச்சேன். யாரும் திரும்பிக்கூடப் பாக்காத ஊர்ல நாலு பேரு பாக்கணும்னா என்ன செய்வான், பாவம்" என்றார்.

அவர்கள் வளர்ந்த கதையை ரயிலில் எனக்குத் தவணை முறையில் சொல்லித் தீர்த்தார். முதல் இசைத்தட்டு போணியாகவில்லை. பத்திரிகைக்காரர்கள் உடையைக் கிண்டல் செய்தார்கள். வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்கு நால்வரையும் அனுப்ப கம்பெனிக்கு மனம் வரவில்லை. பாடுவதுபோல் ஒரு படம் எடுங்கள், சுருளைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் விளம்பரப் படம் என்றால் அவ்வளவுதான். ஆள் போக முடியாத ஊருக்கு ஆளுக்குப் பதிலாகப் போவது. பாட்டு ஏற்கெனவே பதிவானது. அது ஒலிபெருக்கியில் ஓட, இவர்கள் வாயசைக்க வேண்டும். முதல் படத்தை வேறு ஏதோ நிகழ்ச்சிக்காகப் போட்டிருந்த மேடையில் எடுத்தார்கள். பின்னால் காகிதப் பூக்களும் ஒரு பெரிய வானவில்லும் அப்படியே இருந்தன. வேறு யாருடைய கல்யாணத்திலோ பாடப் போனவர்கள்போல் நால்வரும் நிற்கிறார்கள். அந்தப் படம்தான் நான் முதலில் சொன்னது, காலி நாற்காலி வரும் படம். அதைப் பார்த்த குழுவினர், இது நாங்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சின்னக் கூடத்தைப் பிடித்து, கறுப்புத் திரையைக் கட்டி, தங்கள் விளக்குகளைத் தாங்களே வைத்து மறுபடி எடுத்தார்கள். பூவும் கிடையாது, வானவில்லும் கிடையாது. இருட்டும் நான்கு முகங்களும் மட்டும். அந்த இரண்டாவது படம்தான் தேசம் தேசமாகப் போயிற்று. பின்னால் ஏதோ ஒரு நாட்டில் இவர்கள் விமானத்தை விட்டு இறங்கினால், இவர்களைப் பார்க்கக் கூட்டம் நெருக்கித் தள்ளியதாம். எந்த நாடு என்பதைப் பாய் ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்வார். நானும் திருத்தியதில்லை. "படம் முன்னாடியே போய் நின்னுருச்சுண்ணே. ஆளு பின்னாடி போனா போதும்" என்பதுதான் அவருக்கு முக்கியம்.

அந்த வருஷம் அவருக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் அவர் ஊருக்குப் பக்கத்தில், கம்பத்தில் ஆசிரியை. முப்பதைத் தாண்டியவர். போட்டோ பார்த்து, இரண்டு பக்கமும் விசாரித்து, எல்லாம் கூடி வரும்போல் இருந்தது. பாய்க்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது அவர் சட்டை இஸ்திரியிலேயே தெரிந்தது. ஆனால் ஊருக்குப் போக முடியவில்லை. விசா நீட்டிப்பு நடுவழியில் நின்றிருந்தது. போனால் அங்கே தூதரகத்தில் முத்திரை வாங்கித்தான் திரும்ப வேண்டும். அது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை வங்கி இடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்காது. பெண் வீட்டில் அப்போது நெட் சரியாக வராது. பெரியவர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் பார்க்கிற மாதிரி மாப்பிள்ளை பேசும் வீடியோ ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள் என்று தரகர் கேட்டார்.

இதை அவர் என்னிடம் ரயிலில் சொன்னபோது இயர்போனைக் கழற்றிவிட்டிருந்தார். "அண்ணே, உங்க வீட்ல வச்சு எடுத்துக்கலாமா?" என்றார். என் மனைவிக்குச் சொல்லி வாய் மூடவில்லை, அவள் திரைச்சீலையைத் துவைக்கப் போட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை வந்தார். அன்று எங்கள் வீடு இருந்த இருப்பை இப்போது நினைத்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை, அவ்வளவு சத்தம். பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்த என் மகள் கேமராவை எடுத்துக்கொண்டு அதிகாரம் செய்தாள். "அங்கிள், டோன்ட் லுக் அட் மீ, லென்ஸைப் பாருங்க. ஒன் மோர் டைம்!" என்று அவரை மாடிப்படியில் ஏற்றி இறக்கினாள். என் கோட்டு அவருக்குக் கையில் குட்டை. கோப்பையைப் பிடித்தபடி கையை மடக்கி வைத்தால் தெரியாது என்று என் மனைவி கண்டுபிடித்தாள். அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. இஸ்லாமிய வீட்டுப் பெரியவர்கள் பார்க்கப் போகிறார்கள் என்று சாமி அலமாரிக்கு முன்னால் புத்தக அலமாரியை நகர்த்தினாள், காலண்டரைக் கழற்றினாள், ஷோகேஸில் இருந்த நடராஜரை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்தினாள். "அண்ணி, எதுக்கு இவ்வளவு? சாமி கோவிச்சுக்கப் போறாரு" என்று பாய் நெளிந்தார். "அவர் கோவிச்சுக்க மாட்டார் பாய், உங்க மாமியார் கோவிச்சுப்பாங்க" என்றாள் அவள். கடைசியில் வாசற்கதவைத் திறந்து, கோட்டோடு சிரித்துக்கொண்டே உள்ளே வருவதுபோல் எடுத்தோம். எல்லோரும் கை தட்டினோம். சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு அவர் ரயிலைப் பிடிக்கப் போனார்.

வீடியோ கம்பத்துக்குப் போயிற்று. கூடம் நிறைய உறவினர்கள் பார்த்தார்கள், வீட்டைப் புகழ்ந்தார்கள், படிக்கட்டைப் புகழ்ந்தார்கள். அப்போது பெண்ணின் பெரியம்மா, மாப்பிள்ளை கதவைத் திறக்கும் இடத்தைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறார். போட்டார்கள். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் தலைக்கு மேலே, வாசல்நிலையில், பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் நடுவில் ஒரு சின்னப் பிள்ளையாரும்.

நாங்கள் வீட்டுக்குள் இருந்த ஒவ்வொன்றையும் தேடித் தேடி ஒளித்தோம். தினம் அதன் கீழ் நுழைந்து வருகிறவர்கள். ஒருவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பெண்ணின் தகப்பனார் கோபமாகப் பேசவில்லை என்றார் பாய். "மாப்பிள்ளை, வீடு யாரோடது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். இவரும் மழுப்பாமல் சொல்லிவிட்டார். என் மனைவி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனால், பாய் ரயில் என்றும் பாராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அண்ணே, அவனுகளுக்குப் பின்னாடி வானவில்லு. எனக்கு மேல பிள்ளையாரு. நம்ம மேடை இல்லண்ணே அது" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னொண்ணு எடுக்கலாம். என் ரூம்ல. நீங்க மட்டும் வாங்க" என்றார்.

ஜர்னல் ஸ்கொயரில் ஒரு கடைக்கு மேலே அவர் அறை. அதற்கு முன் நான் உள்ளே போனதில்லை. ஒரு கட்டில், இஸ்திரி மேஜை, ஜன்னல் விளிம்பில் அரிசி வேகவைக்கும் குக்கர், மடித்து வைத்த தொழுகை விரிப்பு. ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார வேண்டும். நான் கதவோடு ஒட்டி நின்று கேமராவைப் பிடித்தேன். அவர் தன் சட்டையில், தன் கட்டிலில் உட்கார்ந்தார். தலைக்குச் சாயம் பூசுவதை அந்த வாரம் விட்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். முதல்ல அனுப்பின வீடு எங்க அண்ணன் வீடு. என் வீடு இதுதான். ரூம் சின்னது, வெளிச்சம் நல்லா வரும். விசா எப்ப சரியாகும்னு எனக்கே தெரியாது. முடி நரைச்சிருச்சு. சமைப்பேன், ரசம் மட்டும் சரியா வராது. வேலை முடிஞ்சு வந்தா பேச ஆள் இல்ல, அதனால பாட்டுக் கேப்பேன், இங்கிலீஷ் பாட்டு. உங்களுக்குப் பிடிக்கலன்னா சத்தத்தைக் குறைச்சு வச்சுக்குவேன்." இதைச் சொல்லும்போது அவர் பெரியவர்களை நினைத்துப் பேசவில்லை, அந்தப் பெண்ணிடம் பேசினார். பிறகு நெஞ்சில் கை வைத்துச் சலாம் சொன்னார். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த மறந்து நின்றேன். அவரும் சிரித்த முகமாக அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் படத்தில் பதிந்தது.

அந்த வீடியோ தரகர் மூலம் பெண் வீட்டுக்கு மட்டும் போனது. பதில் வர நாளாயிற்று. வயசும் கூட, விசாவும் நிச்சயமில்லை, பெண்ணை இன்னும் எத்தனை நாள் உட்கார வைப்பது, வேறு இடம் பார்த்துவிட்டோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது, திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை. பாய் வழக்கம்போல் ரயிலில் ஏறினார், என் பையை என் மடியில் வைத்தார். "ரெண்டாவது படம் எல்லா ஊர்லயும் ஓடாது போலண்ணே" என்றார். இயர்போனை நீட்டினார். அன்று பாட்டு ஓடவில்லை என்பதை இறங்கும்போதுதான் கவனித்தேன். இரண்டு பேரும் வெறும் இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்திருக்கிறோம்.

அதன் பிறகு அவர் வேறு பெண் பார்க்க ஒப்பவில்லை. ஒப்பந்தம் முடிந்து டெக்ஸாஸுக்குப் போனார். அங்கிருந்து பேசும்போதெல்லாம் "ரொம்ப அகலமான ஊருண்ணே" என்பார், வேறு புகார் இல்லை. சில வருஷத்தில் விசா கைவிட்டது, ஊருக்கே திரும்பினார். அழைப்புகள் பெருநாளுக்கும் தீபாவளிக்குமாகச் சுருங்கின. அவர் போன பிறகும் நெடுநாள், ஜர்னல் ஸ்கொயர் தாண்டும்வரை பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்து நின்று முறைத்தால் எடுப்பேன்.

போன மாதம் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "அண்ணே, நான் பாயோட கடைசித் தங்கச்சி. அண்ணன் மௌத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே உயிர் போயிருச்சு" என்றார். அவரே தொடர்ந்தார். "அண்ணன் பேசுற மாதிரி ஏதாச்சும் இருந்தா அனுப்புங்களேன். எங்ககிட்ட அந்தப் பெரிய வீட்டு வீடியோதான் இருக்கு. பிள்ளைங்கல்லாம் அதைத்தான் போட்டுப் பாக்குதுங்க. எனக்குப் பாக்கப் பிடிக்கல. அதுல யாரோ மாதிரி இருக்காங்க."

பழைய கணினியைத் தேடிப் பிடித்து இரண்டாவது படத்தை அனுப்பினேன். மறுநாள் திரும்பக் கூப்பிட்டார். அழுது முடித்த குரல். "இதுதாண்ணே எங்க அண்ணன். ரசம் வைக்கத் தெரியாதுன்னு அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லியிருக்காங்க பாருங்க" என்று சிரித்தார். பிறகு, "கடைசியில சலாம் சொல்லிட்டு சிரிச்சுக்கிட்டே பாக்குறாங்களே, அது யாரை?" என்றார்.

"என்னைத்தாம்மா. கேமரா என் கையில இருந்துச்சு."

"அப்ப அந்த ரூம்ல அண்ணன் தனியா இல்ல" என்றார்.

"இல்லம்மா" என்றேன். அந்த ஒரு மத்தியானத்துக்கு அது உண்மை. மற்ற நாட்களைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று என் பேத்திக்குப் பிறந்தநாள். மகள் நாட்டின் மறுகோடியில், சான்டா கிளாராவில் இருக்கிறாள். பேத்தி பிறந்தபோது கொஞ்ச நாள் என்று போன என் மனைவியை அந்தக் குழந்தை விடவில்லை. எனக்கு வேலை இங்கே, இந்த வாரம் விடுப்பு கிடைக்கவில்லை. "அப்பா, ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, பார்ட்டில பெரிய ஸ்க்ரீன்ல போடலாம்" என்றாள் மகள். காலையில் ஹாலில் விளக்குகளை எல்லாம் போட்டு, அன்று பாய் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு, போனைச் சாப்பாட்டு மேஜைமேல் புத்தகங்களில் சாய்த்து வைத்து வாழ்த்துச் சொன்னேன், பாட்டும் பாடினேன். கை அசைத்தேன். பிறகு யாராவது நிறுத்துவார்கள் என்பதுபோல் சிரித்த முகமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். நானேதான் நடந்து போய் நிறுத்தினேன். சற்று நேரத்தில் மகள் பேசினாள். "சூப்பர்ப்பா. கடைசியில நீங்க சும்மா நிக்கறது, கேமராகிட்ட நடந்து வர்றது, அதை மட்டும் கட் பண்ணிட்டேன்" என்றாள். நல்லது என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். எதிரே சாப்பாட்டு மேஜை, அதைச் சுற்றி நாற்காலிகள். ஒன்றில் என் அலுவலகப் பை இருந்தது, மற்றவை காலி. பாட்டும் முடிந்திருந்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அந்தப் பாடகனைப்போல் நெஞ்சில் ஒரு கையை வைத்து, நன்றாகக் குனிந்து வணங்கினேன்.

ஒருத்தனும் இல்லை, பாய். ஆனாலும் குனிந்தேன்.